பெறாமகளின் கலியாணத்தில் எட்வேர்ட் மன்னர்

மைக்கைக் கண்டால் சிலருக்குத் தொண்டை அடைக்கும். எனக்கு அதைக் கண்டால்தான் தொண்டையே திறக்கும். இது ஒரு வியாதி என்று என் மனைவி வதனி கலியாணம் கட்டிய புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். (மருந்துதான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.) ஜெர்மனியில், கிரேஃபெல்ட் நகரத்திலும் அதைச் சுற்றியும் நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு, சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம், அஞ்சலிக் கூட்டம் எதுவானாலும் "அடுத்ததாகப் பாலன் அவர்கள் ஒரு சில வார்த்தைகள்" என்று கூப்பிடுவார்கள். ஒரு சில வார்த்தைகள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை.

தொழிலால் நான் லிஃப்ட் திருத்துகிறவன். ஆனால் மேடை ஏறினால் என்னைத் திருத்த ஆளில்லை.

என் பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. வந்திருக்கும் பெரிய விருந்தாளி எந்த ஊர் என்று முதலிலேயே விசாரித்துவிடுவேன். நல்லூர்ப் பக்கம் என்றால் சங்கிலி மன்னனில் தொடங்குவேன். வன்னிப் பக்கம் என்றால் பண்டாரவன்னியன். மட்டக்களப்பு ஆள் ஒருவர் வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறி, மீன் பாடும் வாவியைப் பாராட்டித் தப்பினேன். தன் ஊரையும் தன் ராசாவையும் புகழ்ந்தால் உருகாத மனிதன் உலகத்தில் இல்லை என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் தர்ஷினியின் கலியாணத்துக்குப் போனேன்.

தர்ஷினி என் பெறாமகள். அதாவது, என் அண்ணையின் ஒரே மகள். ஆஹென் நகரத்தில் படித்து, அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை எடுத்து, அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரீஸ் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். அண்ணை கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் பேசாமல் இருந்தார். அண்ணை சாதாரணமாகவே பேச்சுக் குறைந்த மனிதர். எங்கள் அம்மா ரெண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த வாயை நானே முழுதாக எடுத்துக்கொண்டேன் என்று வதனி சொல்வாள். அப்படிப்பட்டவர் இன்னும் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு முழு மாரிகாலம் அந்த வீட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பாலன், பெடியன் நல்லவன்தான். நான் பார்த்திட்டன். ஆனா அவன்ர ஆக்கள் எப்பிடியோ தெரியாது. அவையள் எங்களைக் குறைவாய் நினைச்சிடக் கூடாது. எனக்கு அது ஒண்டுதான்."

"அண்ணை, அதை என்னட்டை விடுங்கோ."

"நீ ஒரு சின்னப் பேச்சுப் பேசு. அவையளை மரியாதையாய் வரவேற்கோணும். எனக்கு மைக்கிலை கதைக்க ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே. சின்னப் பேச்சு."

சின்னப் பேச்சு என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் என் காதில் விழவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் எந்த ஊர் என்று தர்ஷினியிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"வேல்ஸ், சித்தப்பா. கர்னார்வன் எண்டு ஒரு இடம்."

"இங்கிலாந்து எண்டு சொல்லன்."

"இல்லை சித்தப்பா, வேல்ஸ். அது வேறை."

"ஓம் ஓம், இளவரசர்ர ஊர்!" என்றேன். இளவரசர் பட்டத்தில் அந்தப் பெயர் வருவது எனக்குத் தெரியும். லண்டனில் எங்கள் ஆட்கள் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார்கள், வெம்பிளியில் இருக்கிறார்கள், இவர்கள் வேல்ஸில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இளவரசரே அந்த ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார் என்றால் அரண்மனைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றும் கணக்குப் போட்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் வைத்துவிட்டேன். எனக்கு அவசரமாக ஓர் ஆங்கில ராசா தேவைப்பட்டார்.

நகர நூலகத்துக்குப் போனேன். வரலாற்றுப் பகுதியில் இருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றும் என் கருவிப் பெட்டியின் பாரம் இருந்தன. அதனால் பிள்ளைகள் பகுதிக்குப் போய், படம் போட்ட ஒரு ஜெர்மன் புத்தகம் எடுத்தேன். இங்கிலாந்தின் பழைய ராசாக்கள் எல்லாரும் வண்ணப் படத்தில், சிரித்த முகத்தோடு. (பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும் என்று சில விஷயங்களை விட்டுவிடுவார்கள் என்ற யோசனை எனக்கு அப்போது வரவில்லை.)

சும்மா சொல்லக் கூடாது, சுவையான ஆட்கள். அல்ஃப்ரெட் என்று ஒரு ராசா ஒளிந்திருந்த வீட்டில் ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, யோசனையில் கருக விட்டுவிட்டு வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கினாராம். எனக்கும் அதே அனுபவம் உண்டு, ஆனால் என்னை யாரும் புத்தகத்தில் போடவில்லை. ஹரோல்ட் என்பவருக்குச் சண்டையில் கண்ணில் அம்பு. அவரை வென்ற வில்லியம் கடல் தாண்டி வந்தவர், பிரெஞ்சு பேசினவர். அவருக்குப் பிறகு வந்த ராசாக்களும் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுதான் பேசினார்களாம். ஆங்கிலம் பேசாமலே இங்கிலாந்தை ஆளலாம் என்றால், என் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை சொல்ல முடியாதா? எனக்கு நல்ல தைரியம் வந்தது. ரிச்சர்ட் என்ற சிங்கநெஞ்சரை முதலில் பிடித்துப்போனது. அவர் ஊருக்குத் திரும்பும் வழியில் பிடிபட்டு ஜெர்மனியில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். நானும் வந்த புதிதில் ஜெர்மனியில் முகாமில் இருந்தவன்தான். இருவருக்கும் விசாவில்தான் சிக்கல்.

ரிச்சர்டையே வைத்துப் பேச்சைத் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் பக்கத்தைப் புரட்டினேன். முதலாம் எட்வேர்ட் வந்தார். நெட்டைக் கால்களோடு, குதிரையில். பின்னால் ஒரு பெரிய கோட்டை. கோட்டைக்குக் கீழே பெயர்: கர்னார்வன்.

மாப்பிள்ளையின் ஊரேதான்! நூலகத்தில் நான் "அடி சக்கை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது. மன்னர் எட்வேர்ட் வேல்ஸில் குழப்பம் செய்த லுவெலின் என்ற தலைவனைத் தோற்கடித்தார், அழகான கோட்டைகளைக் கட்டினார், அமைதி வந்தது. உங்களுக்கு ஆங்கிலம் பேசாத ஓர் இளவரசனைத் தருகிறேன் என்று அந்தச் சனத்துக்கு வாக்குக் கொடுத்து, கர்னார்வனில் பிறந்த தன் கைக்குழந்தையையே தூக்கிக் காட்டினார் என்று ஒரு கதையும் இருந்தது. குழந்தைக்கு எந்தப் பாஷையும் தெரியாதுதானே! நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன பகிடியான ராசா!

பேச்சை லிஃப்ட் குழிக்குள் நின்று பழகினேன். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த உயரமான குழியில் குரல் எதிரொலிக்கிற அழகு எந்த மண்டபத்திலும் வராது. ஒருநாள் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் "கிங் எட்வேர்ட் த கிரேட்!" என்று நான் அடித்தளத்தில் முழங்க, மேலே மாடியில் நின்ற ஒரு ஜெர்மன் அம்மா லிஃப்டுக்குள் யாரோ மாட்டுப்பட்டுப் புலம்புகிறார்கள் என்று எங்கள் கம்பனிக்கே தொலைபேசி அடித்துச் சொன்னார். என்னோடு வேலை செய்யும் யூர்கன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "பாலன், கீழே யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்டான்.

"ராசாவோடு" என்றேன்.

அவன் லிஃப்ட் கதவை மூடினான்.

பேச்சோடு நின்றேனா? அதுவும் இல்லை. டூய்ஸ்பேர்க்கில் கலியாண வீடுகளுக்குக் கேக் அடித்துக் கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறா. அவவுக்குக் கர்னார்வன் கோட்டைப் படத்தை அனுப்பி, அதே மாதிரி ஒரு கேக் அடிக்கச் சொன்னேன். பல கோணம் வைத்த கோபுரங்கள், மதிலில் சாம்பலும் வெள்ளையுமாக வரி, உச்சியில் இங்கிலாந்துக் கொடி. வெள்ளையில் சிவப்புச் சிலுவை. (கேக்கைப் பார்த்த எங்கள் ஆட்கள் பலர் "ஏன் அம்புலன்ஸ் கொடி?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தியும் போனது.)

கலியாணம், வேஷம் போட்டு ஊர்வலம் போகிற ஒரு கார்னவல் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. சுவர் முழுக்க அந்தச் சங்கம் வருடா வருடம் தெரிந்தெடுத்த கார்னவல் இளவரசர்களின் படங்கள், இறகு வைத்த தொப்பியோடு. மாப்பிள்ளையின் தகப்பன் கரெத் ஓய்வுபெற்ற தபால்காரர், உருண்டையான முகம், எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். கரெத்தின் அண்ணன் எம்ரிஸ் செம்மறி வளர்ப்பவர். தாடி வைத்த மலை மாதிரி ஒரு மனிதர். அவர் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, இவர்கள் எல்லாம் ஜெர்மனியின் ராசாக்களா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்துக் கடையில் இறைச்சி விற்கிறவர்கள் என்று உண்மையைச் சொன்னேன். அவருக்கு அது நன்றாகப் பிடித்தது. "ராசாக்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். அந்த நேரத்திலாவது எனக்கு ஏதாவது பிடிபட்டிருக்க வேண்டும்.

அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியபோதுதான் எனக்கு வியர்த்தது. ஒரு சொல் விளங்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக் காற்று விடுகிற மாதிரி ஒரு சத்தம், கூடவே நம்முடைய ழகரத்துக்குச் சித்தப்பா முறையான இன்னொரு சத்தம். வதனியை மூலைக்கு இழுத்துப்போனேன்.

"வதனி, என்ரை இங்கிலிஷ் முழுக்கப் போட்டுது. ஒரு சொல்லும் விளங்கேல்லை."

"அப்ப பேசாமல் விடுங்கோவன்."

"அண்ணைக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"அண்ணை கேட்டது சின்னப் பேச்சு" என்றாள் அவள். வீட்டில் எல்லாருக்கும் அது கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. நான் திரும்பிப் போய், அவர்கள் பேசப் பேச "யெஸ், யெஸ், வெரி குட்" என்று தலையாட்டினேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, கேக் வெட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணை முன்வரிசையில் கைகளை மடியில் வைத்தபடி, சோதனை எழுதப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். நான் மைக்கைத் தட்டினேன். (வேலை செய்கிற மைக்கையும் நான் தட்டித்தான் பார்ப்பேன்.)

"மதிப்புக்குரிய விருந்தினர்களே! கர்னார்வன் என்னும் புகழ்பெற்ற ஆங்கில நகரத்தில் இருந்து வந்திருக்கும் ஆங்கிலேயப் பெருமக்களே!" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

மண்டபம் கை தட்டியது. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் தட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஒருவரும் தட்டவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

எட்வேர்ட் மன்னர் உங்கள் ஊருக்கு அன்பளிப்பாக ஒரு மாபெரும் கோட்டை கட்டிக் கொடுத்தார் என்றேன். அதுவரை ஒழுங்கில்லாமல் இருந்த சனத்துக்கு ஒழுங்கையும் சட்டத்தையும் கொண்டுவந்தார் என்றேன். மணவறையில் ரீஸ் கையைக் கீழே கீழே ஆட்டினான். சத்தம் காணாது என்கிறான் என்று நினைத்து, மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். தர்ஷினி கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினாள். மாலை குத்துகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"லிலிவெலின் என்ற குழப்பக்காரனை அடக்கி, உங்கள் மண்ணில் அமைதியை நிலைநாட்டிய மகான்!"

லுவெலின் என்ற பெயருக்குப் புத்தகத்தில் போட்டிருந்த எல்லா எழுத்தையும் நான் ஒன்றுவிடாமல் உச்சரித்தேன். முதல்தரம் அவர்களுக்கு விளங்கவில்லை. என் கெட்ட காலம், இன்னொரு தரம் சொன்னேன். பிறகு கைக்குழந்தைக் கதை. "அன்று முதல் இன்றுவரை உங்களுக்கு லண்டனில் இருந்தே இளவரசர்கள் கிடைக்கிறார்கள்! என்ன பாக்கியம்!" எல்லாரையும் எழும்பச் சொன்னேன். எங்கள் ஆட்கள் எழும்பினார்கள். ஒவ்வொருவர் கையிலும் நெல்லிக்கிறஷ் குளிர்பானம். நான் என் கிளாசைத் தூக்கி, "கிங் எட்வேர்ட்!" என்றேன்.

"கிங் எட்வேர்ட்!" என்று மண்டபம் முழுக்கத் தமிழர்கள் முழங்கினார்கள். அந்த மன்னருக்கு இங்கிலாந்திலேயே இப்படி ஒரு வாழ்த்துக் கிடைத்திருக்காது.

எம்ரிஸ் எழும்பினார். வாழ்த்துச் சொல்லத்தான் எழும்புகிறார் என்று நான் அவர் பக்கம் கிளாசை நீட்டினேன். அவர் தன் கிளாசை மேசையில் வைத்தார். மேல்கோட்டை எடுத்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கரெத்தின் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மேசையில் இன்னும் இரண்டு பேர் எழும்புவதா இருப்பதா என்று கரெத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

அண்ணை மெல்ல எழும்பி என்னிடம் வந்தார். மண்டபம் அமைதியாக இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டது.

"நீ அவையளுக்கு என்னடா சொன்னனி?"

வரவேற்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தர்ஷினி மாலையோடும் கூறைச்சேலையோடும் இறங்கி வந்து, என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ரசக் கிடாரத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"சித்தப்பா, அவையள் இங்கிலிஷ்காரர் இல்லை. வேல்ஸ்காரர். அது வேறை நாடு, வேறை பாஷை. நீங்கள் புகழ்ந்த எட்வேர்ட்தான் அவையின்ர நாட்டைப் பிடிச்சவன். அந்தக் கோட்டை அவையளை அடக்கி வைக்கக் கட்டினது."

"புத்தகத்திலை அப்பிடி இல்லையே..."

"இப்ப நீங்கள் செய்தது என்னெண்டு விளங்குதே? ஒரு ஜெர்மன்காரன் எங்கட கலியாண வீட்டுக்கு வந்து, எல்லாரையும் எழுப்பி நிப்பாட்டி, துட்டகைமுனு மன்னர் வாழ்க எண்டு கிளாசைத் தூக்கின மாதிரி!"

லிஃப்ட் கயிறு அறுந்து கூண்டோடு கீழே போகிற மாதிரி இருந்தது எனக்கு. (உண்மையில் லிஃப்ட் அப்படி விழாது. விழப் பார்த்தால் பிடித்துக்கொள்ள ஒரு பாதுகாப்புப் பிடி இருக்கிறது. எனக்குத்தான் அப்படி ஒன்று பூட்டப்படவில்லை.) எங்கள் எல்லாள மன்னனை வென்ற சிங்கள ராசாவின் பெயரை ஒரு யாழ்ப்பாணத்தான் கலியாண வீட்டில் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எம்ரிஸ் கதவைத் திறந்துகொண்டு அமைதியாகப் போனது எவ்வளவு பெரிய பெருந்தன்மை என்று அப்போதுதான் விளங்கியது. நானாக இருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

அழுவாள் போல நின்ற தர்ஷினியைப் பார்க்க முடியவில்லை. வெளியே போனேன்.

எம்ரிஸ் வாகனம் நிறுத்தும் இடத்தில், தூறலுக்குள், வாடகைக்கு எடுத்து வந்த காரில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் கிட்டப் போய் என் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். பாதி ஜெர்மனும் கலந்திருக்கும். நீங்கள் ஆங்கிலேயர் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

அவர் சட்டைப்பையில் கையை விட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். அவர்களை ஆங்கிலேயர் என்றதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அவர் எங்கள் ராசா இல்லை. எங்கள் ராசாவைக் கொன்ற ராசா. நீ குழப்பக்காரன் என்று சொன்னாயே, அந்த லுவெலின், எங்கள் கடைசி இளவரசன். என் அப்பாவுக்கும் அவர் பெயர்தான்."

மேடைக்குப் பழகியதை எல்லாம் விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் அவருடைய ராசாவைப் புகழ்வோம். உங்கள் ராசாவைப் புத்தகத்தில் தேடினேன். பிழையான ஆளை எடுத்துவிட்டேன். எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். இந்த நாட்டில் என்னைக் காண்கிற எல்லாரும் இந்தியனா என்று கேட்பார்கள். இல்லை, இலங்கை என்பேன்."

"உடனே?"

"அப்படியென்றால் சிங்களவரா என்பார்கள்."

எம்ரிஸின் மூக்கில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா கோபமா என்று தாடிக்குள் தெரியவில்லை. சாவி கையிலேயே இருந்தது.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். அண்ணை. பட்டு வேட்டியின் கரையைச் சேற்றில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் குடையோடு வந்தார். ஆங்கிலத்தில் அவர் வாய் திறந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. குடையைத் தனக்குப் பிடிக்காமல் எம்ரிஸுக்குப் பிடித்தார். எட்டவில்லை. கையை உயர்த்திக் காலை எக்கிப் பிடித்தார்.

"மிஸ்டர் எம்ரிஸ்" என்றார். "மை பிரதர். ஹார்ட் குட். மவுத் நோ குட்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபிஃப்டி இயர்ஸ், நோ குட்" என்றும் சேர்த்தார்.

எம்ரிஸ் அண்ணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த மலை குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்துக் கார்க் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்று கண்ணைத் துடைத்தபடி சொன்னார். குடையை அண்ணையின் கையில் இருந்து வாங்கி இரண்டு பேருக்குமாகப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். எனக்குக் குடையில் இடம் தரவில்லை. நான் நனைந்துகொண்டு பின்னால் போனேன். அது நியாயம்தான்.

உள்ளே கேக் மேசையைச் சுற்றி ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கோட்டை, கொடியோடு, என் குற்றத்தை வரைந்து வைத்த மாதிரி நடுவில் நின்றது. அதை ஒளிக்க நினைத்து நான் ஓடினேன். கரெத் என்னைத் தடுத்தார். கத்தியை மணமக்களிடம் கேட்டு வாங்கி, தன் அண்ணன் எம்ரிஸின் கையில் கொடுத்தார்.

எம்ரிஸ் முதலில் சிவப்புச் சிலுவைக் கொடியைப் பிடுங்கினார். அதுவும் சீனியில் செய்ததுதான் என்று பக்கத்தில் நின்ற வதனி சொல்ல, வாயில் போட்டுத் தின்றார். பிறகு இரண்டு கையாலும் கத்தியைத் தூக்கிப் பெரிய கோபுரத்தில் இறக்கினார். கோபுரம் சரிந்து தட்டில் விழுந்தது. வேல்ஸ் மேசையில் எழுந்த சத்தத்துக்குச் சுவரில் இருந்த கார்னவல் இளவரசர் ஒருவர் சாய்ந்துபோனார்.

"எழுநூறு வருடத்துக்கு மேலாக எங்கள் சனத்துக்கு முடியாமல் போன வேலை" என்று கரெத் அறிவித்தார். "ஐசிங் என்று தெரிந்திருந்தால் எப்போதோ முடித்திருப்போம்."

விஷயம் என்னவென்று தெரியாமலே எங்கள் ஆட்களும் கை தட்டினார்கள். பிறகு விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்குச் சொல்ல, மதிலை இடிக்க வரிசையில் நின்றார்கள். அண்ணைக்குக் கோட்டையின் வாசல் கதவைக் கொடுத்தார்கள். அவர் அதைத் தின்றுகொண்டு எம்ரிஸின் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணை அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. தர்ஷினி என்னைக் கடந்து போகும்போது என் தோளில் லேசாக இடித்தாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். மறக்க மாட்டேன் என்றும் அர்த்தம்.

மறக்கவில்லை. அன்றோடு எங்கள் குடும்பத்தின் மைக் அண்ணையின் கைக்குப் போய்விட்டது. இப்போது எந்த விழாவிலும் அவர்தான் வரவேற்புரை. எழும்புவார், "எல்லாரும் வாங்கோ, சாப்பாடு இருக்கு" என்பார், இருந்துவிடுவார். மண்டபம் அதிரக் கை தட்டும். எனக்கு இவ்வளவு வருடத்தில் அப்படித் தட்டியதில்லை.

எனக்கு வேறு ஒன்று கிடைத்தது. அடுத்த கோடையில் நாங்கள் கர்னார்வனுக்குப் போனோம். எம்ரிஸ் என்னைத் தெருவில் கண்ட எல்லாருக்கும் "இவர்தான் எட்வேர்ட்" என்று அறிமுகம் செய்துவைத்தார். தபால்காரக் கரெத்தின் ஊரில் செய்தி பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி எனக்குக் காசு மிச்சம் தரும்போது முழங்கால் மடித்து வணங்கினாள். எம்ரிஸ் வீட்டில் சாப்பாட்டுக்கு அவித்த உருளைக்கிழங்கு வைத்து, அது வந்த பையையும் என் முன்னால் நிமிர்த்தி வைத்தார்கள். பையில் பெரிய எழுத்தில் கிங் எட்வேர்ட் என்று போட்டிருந்தது. அப்படி ஒரு கிழங்குச் சாதி உண்டாம். "உன் பெயரில் அவித்து, உரித்து, மசித்தது" என்றார் எம்ரிஸ். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வேறு வழி?

தர்ஷினிக்கும் ரீஸுக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். மூன்று பாஷையில் வாய் காட்டுவாள். (அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.) பிறந்ததில் இருந்து எல்லாரும் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு நான் எட்வேர்ட் தாத்தா. அது பட்டப்பெயர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஆஹெனில் அவர்கள் வீட்டில் நின்றபோது, தாயும் தகப்பனும் வேலையில் மாட்டுப்பட்டு, பிள்ளையைக் கிண்டர்கார்டனில் இருந்து கூட்டிவரச் சொன்னார்கள். தாத்தா வருவார் என்று ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. போனேன். என்னைக் கண்டதும் பிள்ளை "எட்வேர்ட் தாத்தா!" என்று ஓடி வந்தாள். ஆசிரியை இளம் பெண், கெட்டிக்காரி. என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் சிவபாலன் என்று இருந்தது. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எட்வேர்ட் என்பது யார்?" என்று பிள்ளையிடம் ஜெர்மனில் கேட்டாள்.

"இவர்தான்" என்றாள் பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. "இவர் எங்கட ஊரைப் பிடிச்ச ராசா. ஆனா பிறகு மழைக்குள்ள நிண்டு மன்னிப்புக் கேட்டுப்போட்டார்."

ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் "ஓம்" என்று தலையாட்டினேன். பிள்ளையைத் தந்துவிட்டாள்.